ஸ்டீல், அலுமினியம், டைட்டானியம், கார்பன்: எந்த ஃபிரேம் எத்தனை வருடம் தாங்கும்?

மழைப்பயணி:

வணக்கம் நண்பர்களே. தினமும் வேலைக்குப் போய்வரவும் விடுமுறையில் நீண்ட தூரம் ஓட்டவும் எனக்கு ஒரே சைக்கிள்தான். குரோமோலி ஸ்டீல் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது) ஃபிரேம், நல்ல வயதானது. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் கூடு) ஓரத்தில் பெயிண்ட் உப்பி, அடியில் துரு தெரிகிறது. இதையே சரிசெய்து ஓட்டலாமா, மாற்றிவிடலாமா என்று யோசனை. மாற்றுவதானால் இரண்டு வாய்ப்பு கைவசம் இருக்கிறது. ஒன்று, பத்து வருடம் ஓடிய அலுமினிய ஃபிரேம். இன்னொன்று, நண்பர் ஒருவர் தருவதாகச் சொல்லும் கார்பன் ஃபிரேம் (கார்பன் நார்களை அடுக்கிப் பசையால் இறுகவைத்தது).

விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "ஸ்டீல் ஆயுசுக்கும் வரும்", "அலுமினியம் சில வருடத்தில் சோர்ந்துபோகும்", "கார்பன் ஒரு தடவை விழுந்தால் முடிந்தது", "டைட்டானியத்துக்கு அழிவே இல்லை". இதில் எதை நம்புவது? எடை, வேகம், சொகுசு எதுவும் வேண்டாம். ஆயுளை மட்டும் பேசுவோம்.

இரும்புக்குதிரை:

ஸ்டீலைக் கைவிடாதீர்கள். ரெனால்ட்ஸ் 531 என்ற கலவை ஸ்டீல் குழாய்கள் 1935-ல் வந்தவை. அதில் கட்டிய ஐம்பது, அறுபது வருடப் பழைய சைக்கிள்கள் இன்றைக்கும் சாலையில் ஓடுகின்றன. வேறு எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு சாட்சி கிடையாது.

காரணமும் தெளிவானது. திரும்பத் திரும்ப வளைந்தே உலோகம் வெடிப்பதைச் சோர்வு என்பார்கள். ஸ்டீலுக்குச் சோர்வு எல்லை என்று ஒன்று உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை கோடி தடவை வளைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. சின்னச் சின்ன வளைவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், ஒரு நாள் உடையும்.

அப்புறம் பழுது பார்ப்பது. பின் சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட் இடைவெளியை 126 மிமீயிலிருந்து 130க்கு விரிக்க வேண்டுமா, கையால் வளைத்தே விரிக்கலாம். கியர் மாட்டும் காது வளைந்துவிட்டதா, நிமிர்த்தலாம். ஒரு குழாயே போய்விட்டாலும் சூடாக்கிக் கழற்றி வேறு குழாய் வைக்கலாம். அலுமினியத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

உலோகவியல்_மாணவி:

இரும்புக்குதிரை சொன்ன சோர்வு எல்லை பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், சரி. ஆனால் அதிலிருந்து "அலுமினிய ஃபிரேம் சீக்கிரம் உடையும்" என்ற முடிவுக்குத் தாவ முடியாது. இடையில் இரண்டு மூன்று படிகள் இருக்கின்றன.

ஒரு உலோகத்துக்கு எத்தனை சுழற்சி (விசை ஒரு தடவை ஏறி இறங்குவது) ஆயுள் என்பதை முடிவு செய்வது அதன் மேல் விழும் அழுத்தம். அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே ஆயுள் பல மடங்கு கூடும். அலுமினியத்தின் வளையா விறைப்பு சுமார் 70 ஜிகாபாஸ்கல், ஸ்டீலுக்கு 200 அல்லது அதற்குச் சற்று மேல். அதாவது அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு விறைப்புள்ளது. ஆனால் எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் (ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், ஸ்டீல் 7.85). அதனால் குழாயைத் தடிமனாக்கவும் விட்டத்தைப் பெருக்கவும் இடம் கிடைக்கிறது. மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடியைப் (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்தது. சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அலுமினிய ஃபிரேம்களின் குழாய் கொழுத்திருப்பது இதனால்தான். விறைப்பு கூடினால் வளைவு குறையும், உலோகம் உணரும் அழுத்தமும் குறையும். எல்லை இல்லாத உலோகம் என்று தெரிந்தேதான் வடிவமைப்பாளர் இவ்வளவு ஒதுக்கி வைத்துக் கட்டுகிறார்.

இன்னொரு படி, பெரும்பாலும் யாரும் சொல்லாதது: ஸ்டீலின் சோர்வு எல்லை காய்ந்த, சுத்தமான, கீறலற்ற மாதிரித்துண்டில் அளந்தது. துருப்பிடிக்கிற சூழலில் அந்த எல்லை கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. துருக்குழி ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் வாசல். மழையில் தினமும் ஓடி, உள்ளே தண்ணீர் தேங்கிய ஸ்டீல் ஃபிரேமுக்கு "கோடி தடவை" என்ற உத்தரவாதம் பொருந்தாது. பெயிண்டுக்கு அடியில் துரு உப்பி நிற்கும் மழைப்பயணியின் ஃபிரேமுக்கு இது நேரடியாகவே பொருந்தும்.

இரும்புக்குதிரை:

> எல்லை இல்லாத உலோகம் என்று தெரிந்தேதான் வடிவமைப்பாளர் இவ்வளவு ஒதுக்கி வைத்துக் கட்டுகிறார்

நல்ல வடிவமைப்பாளர் அப்படிச் செய்வார். எடையைக் குறைக்கும் போட்டியில் இருக்கிறவர் அந்த ஒதுக்கீட்டைத்தான் முதலில் வெட்டுவார். ஓட்டுகிறவர்களோடு பழகுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமை அடிக்கடி பார்க்கிறேன். ஸ்டீலில் அபூர்வம்.

பட்டறைக்காரர்:

ஃபிரேம் பழுது பார்ப்பதுதான் என் தொழில். உடைந்ததுதான் என் மேசைக்கு வரும், நன்றாக ஓடுவது வராது. அதனால் எதை அதிகம் பார்க்கிறோம் என்பதை வைத்துப் பொருளை எடைபோட வேண்டாம். சாலையில் அலுமினியம்தான் அதிகம், ஆகவே உடைவதிலும் அதுதான் அதிகம் தெரியும்.

எங்கே உடைகிறது என்று பார்த்தால் எல்லாப் பொருளிலும் ஒரே இடங்கள்தான். ஹெட் டியூபுக்கு (முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நுழையும் குழாய்) பின்னால், டவுன் டியூபின் (அங்கிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் குழாய்) அடிப்பக்கம். செயின் பக்கத்துச் செயின்ஸ்டே (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்), பாட்டம் பிராக்கெட்டை ஒட்டி. டிராப்அவுட். சீட் டியூபின் (சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாய்) மேல்முனை. பாட்டில் ஹோல்டர் திருகும் துளையில்கூடச் சில சமயம் தொடங்கும். குழாயின் நடுவில் தானாக உடைந்த ஃபிரேம் வந்தால் அதில் அடிபட்ட பள்ளமோ துருவோ ஏற்கெனவே இருந்திருக்கும். வெல்டிங் ஓரம், துளை, திடீரென்று தடிமன் மாறும் இடம், இவைதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பொருளின் பெயர் அதற்கு அப்புறம்.

சீட் டியூபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் ஓட்டுகிறவரே தன் ஃபிரேமை உடைக்கிறார். உயரமானவர் சின்ன ஃபிரேமை வாங்கி, சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கி, சீட் டியூபுக்குள் இறங்கும் தண்டு) எட்டும்வரை மேலே இழுத்துவிடுவார். உள்ளே இருப்பது நாலு விரற்கடை கூட இருக்காது. போஸ்டில் போட்டிருக்கும் கடைசிக் கோட்டைத் தாண்டவில்லை என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் அந்தக் கோடு போஸ்டுக்கானது. ஃபிரேமுக்கு வேண்டியது வேறு: போஸ்டின் அடிமுனை, டாப் டியூப் (மேல் குறுக்குக் குழாய்) வந்து சேரும் வெல்டிங்கைத் தாண்டிக் கீழே போயிருக்க வேண்டும். இல்லையென்றால் உட்காரும் ஒவ்வொரு குலுக்கலிலும் போஸ்ட் நெம்புகோல்போல அந்த வெல்டிங்கைப் பிரிக்கிறது. போஸ்டை இறுக்கும் கிளாம்பின் பிளவு முடியும் இடத்திலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும், பிறகு குழாயைச் சுற்றி ஓடும். அலுமினியத்தில் சீக்கிரம், ஸ்டீலில் தாமதமாக, கார்பனில் உள்ளே நார் அடுக்கு பிரிந்து. மூன்றிலும் பார்த்திருக்கிறேன். நீளமான போஸ்ட் போட்டிருந்தால் அந்த மூன்று ஃபிரேமும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஒரு பழைய சோதனை. 1997-ல் ஜெர்மனியின் டூர் பத்திரிகைக்காக 12 உயர்தர ரேசிங் ஃபிரேம்களை இயந்திரத்தில் பூட்டி, மிதிப்பதுபோல விசை கொடுத்துச் சோர்வுச் சோதனை செய்தார்கள். முடிவுவரை உடையாமல் நின்றவை மூன்று. கேனன்டேல், பிரின்சிபியா என்ற இரண்டு அலுமினிய ஃபிரேமும், டிரெக்கின் ஒரு கார்பன் ஃபிரேமும். சோதித்த ஸ்டீலும் டைட்டானியமும் எல்லாம் உடைந்தன.

இரும்புக்குதிரை:

அந்தச் சோதனையை நானும் படித்திருக்கிறேன். அதில் வந்த ஸ்டீல் ஃபிரேம்கள் எல்லாம் எடை குறைத்த ரேசிங் ஃபிரேம்கள். குழாயின் நடுவே அரை மில்லிமீட்டர் தடிமன்கூடத் தேறாதவை அந்த வகையில் உண்டு. மழைப்பயணி கேட்பது அன்றாடம் ஓட்டும் சைக்கிள். இயந்திரத்தில் யாரும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துத் தள்ளிவிடுவதில்லை, பூட்டுச் சங்கிலி குழாயில் இடிப்பதில்லை, ரயிலில் ஏற்றி இறக்குவதில்லை. இதையெல்லாம் பள்ளத்தோடு தாங்கி ஓடுவது ஸ்டீல்தான்.

உலோகவியல்_மாணவி:

இரண்டு பேர் சொல்வதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. தடிமனான ஸ்டீல் நீடிக்கும், மெல்லிய ஸ்டீல் நீடிக்காது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண ஸ்டீலோ 531-ஓ அதைவிடப் பலமான 853 கலவையோ, விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். உயர்ந்த கலவையில் பலம் மட்டும் கூடுகிறது. அந்தக் கூடுதல் பலத்தை நீடிப்புக்கு விடாமல், குழாயை மெல்லியதாக்கி எடையைக் குறைக்கத்தான் பெரும்பாலும் செலவழிக்கிறார்கள். ஆகவே விலையுயர்ந்த மெல்லிய குழாயை விட, கனமான சாதாரண குரோமோலி குழாய் பள்ளத்தையும் துருவையும் அதிக காலம் தாங்குவது இயல்பு.

சோதனைகளைப் படிக்கும்போது இதையும் மனதில் வையுங்கள். இன்றைக்கு ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேச சைக்கிள் பாதுகாப்புத் தரத்தில் மிதிவிசைச் சோதனை ஒரு லட்சம் சுழற்சி. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்துக்கு 4,800 சுற்று, லட்சத்தை 21 மணி நேரத்தில் தாண்டிவிடுவீர்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் சோதனையில் ஒவ்வொரு மிதிக்கும் கொடுப்பது 1,000 நியூட்டனும் அதற்கு மேலும், அதாவது 100 கிலோ எடையுள்ள ஒருவர் முழு எடையோடு பெடலில் ஏறி நிற்பது மாதிரி. உட்கார்ந்து நிதானமாக ஓட்டும்போது அதில் சிறு பங்குதான் விழும். எழுந்து நின்று மேட்டில் மிதிக்கும் கனமான ஓட்டுநரும், சமதளத்தில் மெல்ல ஓட்டும் ஒல்லியானவரும் ஒரே ஃபிரேமில் ஒரே ஆயுளைப் பார்க்க மாட்டார்கள். "எத்தனை வருடம்" என்ற கேள்விக்கு வருடத்தில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

நெடுந்தூரம்:

டைட்டானியம் பற்றி யாரும் பேசவில்லையே. நான் வைத்திருப்பது அதுதான். 3 சதவீத அலுமினியமும் 2.5 சதவீத வனேடியமும் கலந்த குழாய். முதலில் விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்கென்று வந்த கலவை. பெயிண்ட் கிடையாது, துரு கிடையாது. கடலோரத்தில், உப்புக் காற்றில், மழையில் ஓட்டுகிறேன், ஃபிரேமுக்கென்று எதுவும் செய்ததில்லை. சோர்வு எல்லையும் உண்டு. அழிவே இல்லை என்று சொல்வதில் தப்பென்ன?

பட்டறைக்காரர்:

துரு விஷயத்தில் நூறு சதவீதம் சரி. வெல்டிங் விஷயத்தில் அவ்வளவு நிச்சயம் இல்லை. சூடான டைட்டானியம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் வெளியிலும் குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்பித்தான் வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் முடிந்த உடனே, தேய்க்கும் முன், அதன் நிறத்தைப் பார்த்தால் வேலை தெரிந்துவிடும். வெள்ளி நிறமோ வைக்கோல் நிறமோ என்றால் நல்லது. ஆழ்ந்த நீலம் என்றால் சந்தேகம். சாம்பலோ வெள்ளைப் பொடியோ படிந்திருந்தால் அந்த இணைப்பை நம்பக் கூடாது. தேய்த்து மினுக்கிய ஃபிரேமில் வாங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது, செய்தவரின் நேர்மைதான் தெரியும்.

1970களில் வந்த டெலடைன் டைட்டன் என்ற ஃபிரேம் கலப்பில்லாத டைட்டானியத்தில் கட்டியது. விரிசல் விட்டதற்காகவே அது இன்றும் பேசப்படுகிறது. பொருள் அதே டைட்டானியம்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன் நெடுந்தூரம். சீட் போஸ்டைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தீர்கள்? அலுமினிய போஸ்டாக இருந்தால் டைட்டானியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க ஆன்டிசீஸ் பசை தடவி, வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றி மாட்டுங்கள். போஸ்ட் இறுகிப்போனதால் மட்டும் வீணாய்ப்போன நல்ல ஃபிரேம்கள் எத்தனையோ. ஸ்டீல் ஃபிரேமில் அலுமினிய போஸ்ட் என்றால் இன்னும் மோசம். இரண்டு உலோகமும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொங்கி, குழாயை அடைத்துக்கொள்ளும்.

கரிநார்:

நான் கார்பன் பக்கம் பேசுகிறேன்.

நல்ல முறையில் செய்த கார்பன் குழாய்க்குச் சோர்வு என்பது நடைமுறையில் பிரச்சினையே கிடையாது. மேலே சொன்ன ஜெர்மன் சோதனையும் அதைத்தான் காட்டுகிறது. டிரெக்கின் அந்த வகை ஃபிரேம்கள் 1992 முதல் வந்தவை, இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்பன் சாவது வேறு வழிகளில்.

முதலாவது, கூர்மையான அடி. ஓட்டும்போது வரும் விசைக்கு ஏற்றபடி நார்களை அடுக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் கல்லோ, கம்பியின் முனையோ, விழும்போது சுழன்று வரும் ஹேண்டில்பாரோ டாப் டியூபில் அடித்தால் அந்தத் திசைக்கு நார் இருக்காது. வெளியே சின்னக் கீறல் தெரியும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும்.

இரண்டாவது, இறுக்குவது. சீட் கிளாம்புக்கு 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் இல்லாமல் கையால் கணக்குப் போட்டு இறுக்குவதும், பழுது பார்க்கும் ஸ்டாண்டில் டாப் டியூபைப் பிடித்து மாட்டுவதும் ஆபத்து. ஸ்டாண்டில் எப்போதும் சீட் போஸ்டைத்தான் பிடிக்க வேண்டும். போஸ்ட் வழுக்கினால் இன்னும் இறுக்காமல், கார்பனுக்கென்று வரும் சொரசொரப்பான பசையைத் தடவுங்கள்.

மூன்றாவது, கார்பன் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம். ஈரத்தில் கார்பனோடு சேர்ந்த அலுமினியம்தான் அரிக்கும், கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் கண்ணாடியிழை அடுக்கு வைத்துப் பிரிக்காத பழைய ஒட்டு ஃபிரேம்களில் அலுமினிய இணைப்பு பொங்கி, பசை விட்டுப்போகும். ஒட்டு என்பதே கவனிக்க வேண்டிய இடம்தான். 1979-ல் வந்த விட்டஸ் 979 முழு அலுமினியம், ஆனால் குழாய்களை இணைப்பில் பசை போட்டு ஒட்டியது. அயர்லாந்துப் பந்தய வீரர் ஷான் கெல்லி ஜெயித்த ஃபிரேம் அது. குழாய்கள் வருடக்கணக்கில் நன்றாகவே இருந்தன, இணைப்புகள்தான் ஆட ஆரம்பித்தன.

வெயிலால் கெடும் என்கிறார்களே, பெயிண்டும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் மேற்பூச்சும் இருக்கும்வரை அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சூடு வேறு விஷயம். காரின் பின்னால் சைக்கிள் மாட்டும்போது சைலன்சர் புகை நேராக ஃபிரேமில் படும்படி வைத்தால் பசை இளகிவிடும்.

மழைப்பயணி:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கரிநார், நண்பர் தரும் கார்பன் ஃபிரேம் ஒரு தடவை விழுந்திருக்கிறதாம். "ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். காசால் தட்டிப் பார்த்தால் தெரியும் என்று எங்கோ படித்தேன். அது போதுமா?

கரிநார்:

தட்டிப் பார்ப்பது தொடக்கத்துக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. நல்ல இடத்தில் "டிங்" என்று கூர்மையாகக் கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் "தொப்" என்று மங்கும். ஆனால் குழாயின் தடிமன் மாறும் இடத்திலும் ஒலி மாறும். அதனால் இடப்பக்கச் செயின்ஸ்டேயையும் வலப்பக்கத்தையும் ஒரே உயரத்தில் தட்டி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் சந்தேகப்படுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு இடம் மட்டும் அமுங்குகிறதா என்றும் பாருங்கள். பஞ்சைத் தடவிக்கொண்டே போனால் வெடிப்பில் இழை மாட்டும்.

எப்படி விழுந்தது என்று கேளுங்கள். நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்ததா, வேகத்தில் எதன் மீதாவது முட்டியதா? முன்பக்கம் முட்டியிருந்தால் ஃபோர்க்கைக் கழற்றி, ஹெட் டியூபுக்குள் போகும் அதன் ஸ்டீயரர் குழாயைப் பார்க்காமல் ஏறவே கூடாது. சந்தேகம் தீரவில்லையென்றால் அல்ட்ராசவுண்டில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுக்கு பிரிந்திருந்தாலும் கதை முடிந்தது என்று இல்லை. சேதமான பகுதியைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, புது நார் அடுக்குகளை அதே திசையில் வைத்து, வெற்றிடத்தில் அழுத்திக் காயவைத்தால் குழாய் பலம் பெறும். விழுந்தால் குப்பைதான் என்று சொல்கிறவர்களுக்கு இந்த வேலை தெரியாது. ஆனால் ஸ்டீயரரிலும் ஹேண்டில்பாரிலும் சேதமென்றால் பழுது பார்க்காதீர்கள், மாற்றுங்கள்.

தார்ச்சாலை:

வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவி) பூட்டி ஓட்டுகிறவர்கள் வியர்வையை மறக்காதீர்கள். வெளியில் காற்றில் காயும், உள்ளே சொட்டுச் சொட்டாக ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) மேலும் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) போல்ட் மேலும் விழும். எந்த ஃபிரேமானாலும் அங்கே அரிக்கும். அலுமினிய ஹேண்டில்பாரின் டேப்பை வருடத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். டேப்புக்கு அடியில் வெள்ளைப் பொடியும் குழியும் கண்டால் அதை உடனே மாற்றுங்கள், ஃபிரேமைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

பட்டறைக்காரர்:

மழைப்பயணி தம்பி, கைவசம் இருக்கும் ஸ்டீலை முதலில் பாருங்கள். வெளியே தெரியும் துரு முக்கியமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சீட் போஸ்டையும் பாட்டம் பிராக்கெட்டையும் கழற்றுங்கள். மழைத் தண்ணீர் போஸ்ட் ஓரமாக இறங்கி, வந்து தேங்குவது பாட்டம் பிராக்கெட் கூட்டில்தான். அடியில் வடிகால் துளை இருக்கிறதா, இருந்தால் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டார்ச் அடித்துச் செயின்ஸ்டேக்குள்ளும் டவுன் டியூபின் கீழ்முனைக்குள்ளும் பாருங்கள். காவி நிறத்தில் மெல்லிய படலமாக இருந்தால் பயமில்லை. தகடு தகடாக உதிர்ந்தால் குழாய் மெலிந்துகொண்டிருக்கிறது. வெளியில் பெயிண்ட் உப்பிய இடத்தைச் சுரண்டி, கூரான குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் குழாய் போய்விட்டது. மெல்லிய குழாயில் சுவர் அரை மில்லிமீட்டர்தான், அதில் பாதியைத் துரு தின்றாலே ஆயுள் முடிவுக்கு வந்துவிடும்.

குழாய் கெட்டியாக இருந்தால் துருவைத் தேய்த்தெடுத்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் போடுங்கள். உள்ளே காய்ச்சிய ஆளி விதை எண்ணெயோ ஃபிரேமுக்கென்று வரும் துருத்தடுப்பு ஸ்பிரேயோ ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி வழியவிட்டுக் காயவையுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டு வைக்காதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

மழைப்பயணி:

அண்ணா, கழற்றிப் பார்த்தேன். வடிகால் துளை அடைத்துத்தான் இருந்தது. துளையைக் குத்திவிட்டதும் கறுப்புத் தண்ணீர் கொஞ்சம் வந்தது. உள்ளே காவிப் படலம்தான், தகடாக எதுவும் உதிரவில்லை. உப்பிய இடத்தில் குத்தூசியை நன்றாக அழுத்தினேன், இறங்கவில்லை. எண்ணெய் ஊற்றிக் காயவைத்திருக்கிறேன்.

அலுமினிய ஃபிரேமையும் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடங்களையெல்லாம் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்ததில், சீட் டியூப் உச்சியில் கிளாம்ப் பிளவு முடியும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது, நகம் அளவு நீளம். விற்கிறவர் "அது பெயிண்ட் வெடிப்பு" என்கிறார். போஸ்டை வெளியே எடுத்தால் மிகவும் குட்டையாக இருந்தது. பெயிண்டா, உலோகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உலோகமே வெடித்திருந்தால் வெல்டிங் வைத்துவிடலாமா?

பட்டறைக்காரர்:

குட்டைப் போஸ்ட், பிளவின் முனையில் கோடு. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் சோதித்தே முடிவு செய்யுங்கள். விற்கிறவர் சம்மதித்தால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்டை நீக்கி, கோடு உலோகத்திலும் தொடர்கிறதா பாருங்கள். நிச்சயம் வேண்டுமென்றால் ஊடுருவும் சாயம் விற்கிறது. பெயிண்ட் நீக்கிய இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டு, துடைத்தெடுத்து, வெள்ளைப் பூச்சு அடித்தால் விரிசலுக்குள் போன சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். வெடித்தது பெயிண்ட் மட்டுமென்றால் வெறும் வெள்ளையாகவே நிற்கும்.

உலோகம் வெடித்திருந்தால் வாங்காதீர்கள். இதை வெல்டிங் செய்து தீர்க்க முடியாது. 6061 என்ற அலுமினியக் கலவை ஃபிரேமை வெல்டிங் செய்த பிறகு உலையில் வைத்துச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்தித்தான் அதன் முழுப் பலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முடிந்த ஃபிரேமில் ஒரு ஓரத்தை மட்டும் வெல்டிங் செய்தால் சுற்றியிருக்கும் உலோகம் அந்தப் பதத்தை இழந்து இளகிவிடும், அடுத்த விரிசல் வெல்டிங்குக்கு அடுத்தே வரும். 7005 கலவைக்கு அந்தச் சட்டென்ற குளிரூட்டல் தேவையில்லை, ஆனாலும் பதப்படுத்தும் உலை வேண்டும். ஸ்டீலில் இதே விரிசல் வந்திருந்தால் முனையில் துளை போட்டு நிறுத்தி, பித்தளையால் பற்றவைத்துக் கொடுத்திருப்பேன்.

இரும்புக்குதிரை:

இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். ஸ்டீலும் உடையும். உடைந்த பிறகும் ஒரு வழி இருக்கும்.

உலோகவியல்_மாணவி:

அதோடு இன்னொரு குணமும் உண்டு. விரிசல் விட்ட பிறகு ஸ்டீலில் அது மெதுவாக நகரும். ஓட்டும்போது பின்பக்கம் தொளதொளப்பாகத் தெரியும், கிறீச்சிடும், கியர் தானாக மாறும். இறங்கிப் பார்க்க அவகாசம் கிடைக்கும். அலுமினியத்தில் அந்த அவகாசம் குறைவு. ஆகவே பழைய அலுமினிய ஃபிரேமை ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. கழுவும் ஒவ்வொரு தடவையும் பட்டறைக்காரர் பட்டியலிட்ட இடங்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மழைப்பயணி:

சாயம் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். சிவப்புக் கோடு வந்தது, பெயிண்டில் தெரிந்ததைவிட நீளமாகவே. விற்கிறவரும் பக்கத்தில் நின்று பார்த்தார், இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். கார்பன் ஃபிரேமை அல்ட்ராசவுண்டில் பார்த்த பிறகு முடிவு செய்கிறேன். அதுவரை ஸ்டீல்தான்.

ஒரு கடைசிக் கேள்வி. ஸ்டீல் ஃபிரேமில் ஃபோர்க் மட்டும் குரோமியம் பூசியது, மேலே பளபளப்பாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே விடலாமா?

பட்டறைக்காரர்:

பளபளப்பை நம்பாதீர்கள். குரோமியப் பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கும், ஈரம் அடியில் போய்த் துரு பரவும். ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டீயரர் குழாய் கிரவுனில் (ஃபோர்க்கின் இரண்டு கால்களும் பிரியும் இடம்) சேரும் இடத்தை நன்றாகத் துடைத்துச் சுற்றிலும் பாருங்கள், அங்கேயும் அதே சாயத்தைப் போடுங்கள். கால்களின் உட்புறத்துக்கும் எண்ணெய் விடுங்கள். கோடு எதுவும் வராமலிருந்து, கால்கள் இரண்டும் ஒரே அளவில் நேராக இருந்தால் கிரீஸ் வைத்து மாட்டி ஓட்டுங்கள். ஒரு மயிரிழை வந்தாலும் ஃபோர்க்கை மாற்றிவிடுங்கள். பின்பக்கக் குழாய் உடைந்தால் இறங்கி நடக்கலாம், ஃபோர்க் உடைந்தால் முகம் தரையில்.